விலக்கிய பூண்டும் வேண்டிய மருந்தும்

எங்கள் சமணக் குடும்பத்தில் பூண்டு சமையலறைக்குள் வராது. மண்ணுக்குள் விளைவதைப் பிடுங்கினால் அதைச் சார்ந்த சிற்றுயிர்களும் மாளும் என்பது ஒரு காரணம்; புலன்களைக் கிளறும் என்பது இன்னொன்று. நானோ மளிகைக்கடைக்காரன். முப்பது வருஷத்துக்கு மேல் பூண்டை மூட்டை மூட்டையாக விற்றுப் பிழைத்தவன். "சாப்பிடாத சரக்கை எப்படிய்யா தரம் பார்த்து விக்கிறீங்க?" என்று வாடிக்கையாளர்கள் கேட்பார்கள். அதற்கு விடை தேடிப் படித்ததே இக்கட்டுரை.

மூணாறுக்குக் கிழக்கே, தமிழக எல்லையை ஒட்டி, இடுக்கி மாவட்டத்தில் வட்டவடை இருக்கிறது. மண் கேரளம், பேச்சு பெரும்பாலும் தமிழ். முன்னோர் மதுரைப் பக்கமிருந்து மலையேறி வந்ததாக ஊரார் சொல்லுவார்கள். நம்மைப்போல அவர்களும் பெயர்ந்து வந்தவர்கள்தான். அங்கே படிப்படியாக வெட்டிய குளிர்நிலத்தில் விளையும் பூண்டுக்குக் காரமும் மணமும் தூக்கல்; நாள்பட வைத்தாலும் தாங்கும். கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-இலும், காந்தல்லூர்–வட்டவடைப் பூண்டு 2022-இலும் புவிசார் குறியீடு பெற்றன. மலையாளத்தில் அது வெளுத்துள்ளி, நம்முடைய வெள்ளுள்ளியேதான்.

முழுப் பல்லில் அந்த மணம் அவ்வளவாக இராது. அல்லியின் என்ற கந்தகப் பொருளும் அல்லினேஸ் என்ற நொதியும் உள்ளே தனித்தனியாக இருக்கின்றன. நசுக்கினால் இரண்டும் கலந்து அல்லிசின் பிறக்கிறது. 1944-இல் கவல்லிட்டோ, பெய்லி என்ற அமெரிக்க வேதியியலார் இதைப் பிரித்தெடுத்து, கிருமிகளை அடக்கும் என்று காட்டினார்கள். வெந்தால் நொதி செயலிழக்கும். ஆகவேதான் நசுக்கிச் சற்றுப் பொறுத்துச் சமைக்கச் சொல்கிறார்கள்.

விஞ்ஞானம் இதைச் சொல்லுமுன்பே விலக்கியவர்களும் அறிந்திருந்தார்கள். 1890-இல் மத்திய ஆசியாவின் கூச்சா நகரில் பவர் என்ற ஆங்கில இராணுவ அதிகாரி பூர்ஜமரப்பட்டைச் சுவடி ஒன்றை வாங்கினார். ஏறக்குறைய 1,500 ஆண்டுப் பழமையுடையது. அதன் முதல் பகுதி பூண்டின் பெருமையைப் பேசுகிறது. பூண்டு உண்ணாத அந்தணருக்கும் அதில் வழி உண்டு: பசுவுக்குப் புல்லைக் குறைத்துப் பூண்டுத்தாளைத் தின்னக் கொடுத்து, அதன் பாலைக் குடிக்கலாம்! பௌத்த விநயமும் துறவிக்குப் பூண்டை விலக்கிவிட்டு, நோயுற்றவருக்கு மட்டும் இடம் கொடுத்தது.

என் மகள் பிரசவித்தபோது, பால் சுரக்கப் பூண்டு கொடுங்கள் என்றார்கள் அக்கம்பக்கத்தார். வீட்டில் பெரிய விவாதம். கடைசியில் என் தாயார்தான் முடித்துவைத்தார்: "மருந்துன்னா மருந்தா குடு. ருசின்னு பழக்காதே." அவர் அந்தச் சுவடியைப் படித்தவரல்லர்.

அந்தச் சொல் எல்லோருக்கும் பொருந்தும். பூண்டு இரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் ஓரளவு குறைப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன; ஆனால் அது மாத்திரைக்கு மாற்றல்ல. இரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும், அறுவைச் சிகிச்சைக்குப் போகிறவர்களும் பூண்டு மாத்திரைகளைப் பற்றி மருத்துவரிடம் கட்டாயம் சொல்லவேண்டும். பச்சைப்பூண்டை அரைத்துத் தோலில் வைத்துக் கட்டினால் கொப்புளித்துப் புண்ணாகும்.

வாடிக்கையாளர் கேள்விக்கு என் பதில் இதுதான்: அழுத்தினால் கல்லுப்போல் இருக்கவேண்டும், முளை விட்டிருக்கக்கூடாது, ஒரு பல்லை நசுக்கினால் மூக்கில் ஏறவேண்டும். தரம் பார்க்கக் கையும் மூக்கும் போதும். நாக்கைக் கட்டுவது என் விரதம். நல்ல சரக்கைக் கொடுப்பது என் தொழில். இரண்டும் தருமம்தான்.