அச்சமும் ஓட்டும்

‘எரிகிற வீட்டில் பிடுங்கியது இலாபம்’ என்னும் பழமொழியை அறியாத தமிழர் தோட்டத்திலும் இல்லை, பட்டணத்திலும் இல்லை. வீடு பற்றி எரியும்போது தண்ணீர்க் குடத்தோடு ஓடி வருகிறவன் ஒருவன். கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே நுழைந்து, கைக்கு அகப்பட்டதைச் சுருட்டிக்கொண்டு போகிறவன் இன்னொருவன். இருவரும் ‘தீ, தீ’ என்றுதான் கூவுகிறார்கள். ஆதலால் கூவலைக் கேட்டு ஆளை அறிய முடியாது. தீ அணைந்த பின்பு அவரவர் கையில் இருப்பது குடமா, நம் வீட்டுப் பண்டமா என்று பார்த்தே அறிய முடியும்.

நாட்டில் கொலையும் கலகமும் நேரும் காலத்தில் அரசியல்வாதிகளையும் இவ்விதமே அளந்தறிய வேண்டும் என்பது நம்முடைய கருத்து. இதற்குச் சான்று தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. கோலாலம்பூரும் கிள்ளானும் கண்ட சரித்திரமே போதும்.

1948ஆம் ஆண்டு ஜூன் மாதம் 16ஆம் நாள் காலை, பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எல்பில் தோட்டத்து நிர்வாகி ஆர்தர் வாக்கர் தம் அலுவலகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அதே காலையில் அண்டைத் தோட்டத்தில் அல்லிசன், கிறிஸ்டியன் என்னும் இருவரும் மாண்டனர். சுட்டவர்கள் கம்யூனிஸ்டுக் கெரில்லாக்கள். கையில் ஆயுதமில்லாதவனைச் சுடுவது வீரமும் அன்று, விடுதலையும் அன்று. பின்வந்த ஆண்டுகளில் அவர்கள் தோட்டத் தொழிலாளர்களையும் கொன்றார்கள்; ஏழைகளின் அடையாளச் சீட்டுகளைப் பறித்தார்கள். ஆகவே அக்கொலைகளுக்கு நாம் சமாதானம் கூறுவதாக எவரும் எண்ண வேண்டாம்.

கொலை நடந்த அன்றே பேராக்கின் சில பகுதிகளில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. இரண்டு நாளில் அது மலாயா முழுவதற்கும் பரவிற்று. விசாரணையின்றிச் சிறையில் வைக்கவும், வீடு புகுந்து சோதிக்கவும், ஆயுதம் வைத்திருந்தவனைத் தூக்கிலிடவும் சர்க்காருக்கு அதிகாரம் வந்தது. ஆனால் இங்கே ஒரு நாட்கணக்கை நாம் கவனித்தல் வேண்டும். தொழிற்சங்கங்களைக் கட்டிப்போடும் திருத்தச் சட்டம் அக்கொலைகளுக்கு முன்னரே வந்துவிட்டது. சங்க நிர்வாகியாவதற்கு அந்தத் தொழிலில் மூன்றாண்டு அனுபவம் வேண்டும் என்றும், பல தொழிலாளர் சேர்ந்து ஒரே கூட்டமைப்பாக நிற்கலாகாது என்றும் அது விதித்தது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனம் அதன்படி சட்டத்துக்குப் புறம்பானது. இவையெல்லாம் முடிந்த சில நாட்களுக்குப் பின்பே சுங்கை சிப்புட்டில் துப்பாக்கி வெடித்தது. சங்கத்தை ஒழிக்கும் எண்ணம் கொலையினால் பிறந்ததன்று. முன்பே பிறந்திருந்த எண்ணத்துக்குக் கொலை நல்ல காரணமாய் வாய்த்தது.

துரைமார்கள் சங்கத்தைக் கண்டு அஞ்சியதும் புதிதன்று. 1941இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தமிழர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்றும், கள்ளுக்கடை மூடப்பட வேண்டும் என்றும் கேட்டார்கள். அவர்கள் கேட்டது மனிதர்க்குரிய மரியாதையேயாகும். அதற்குக் கிடைத்த விடை படையும் துப்பாக்கியுமே. உயிர்கள் மாண்டன, தலைவர் ஆர். எச். நாதன் சிறைப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அன்று சொல்லப்பட்ட காரணம் யுத்தகால ஆபத்து. ஏழாண்டு கழித்துச் சொல்லப்பட்ட காரணம் காட்டுக்குள் இருந்த ஆபத்து. காரணம் மாறிற்று; அடிபட்ட முதுகு மாறவில்லை.

சம்மேளனத்தின் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி, துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவர் உயிருக்காக நேருவின் சர்க்கார் செய்த முறையீடும் பயன்படவில்லை. அதற்கு முன்பே, 1948 டிசம்பர் 12ஆம் நாள், சிலாங்கூரில் பத்தாங்காலிக்கு அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் 24 சீனத் தொழிலாளர்கள் பிரிட்டிஷ் படையினரால் சுடப்பட்டு மாண்டிருந்தார்கள். அவர்கள் கையில் ஆயுதமில்லை. கொள்ளைக்காரர்கள் தப்பியோடும்போது சுடப்பட்டார்கள் என்றே உலகுக்குச் சொல்லப்பட்டது. 1952 முதல் ‘கொள்ளைக்காரன்’ என்ற பெயர் போய் ‘கம்யூனிஸ்டுப் பயங்கரவாதி’ என்ற பெயர் சர்க்கார் வழக்கில் வந்தது. எந்தப் பெயரானாலும், அது ஒருவன் மேல் ஒட்டப்பட்டுவிட்டால் அவனுக்காக ஒரு கேள்வி கேட்கவும் பிறர் அஞ்சினார்கள். அச்சத்தின் முதல் இலாபம் இதுவே.

நிற்க. 1948இல் மலாயாவில் பொதுத் தேர்தல் இல்லை. ஆகவே அன்றைய இலாபம் தோட்ட முதலாளிகளுக்கும் ஆட்சியாளர்க்கும் போய்ச் சேர்ந்தது. ஓட்டு வந்த பின்பு அச்சம் எங்கே போயிற்று என்பதே அடுத்த கேள்வி.

1955 ஜூலையில் நடந்த முதல் பொதுத் தேர்தலைப் பற்றி நியாயமாகவே பேச வேண்டும். காட்டில் போர் நடந்துகொண்டிருந்த அக்காலத்தில், துங்கு அப்துல் ரகுமானின் கூட்டணி இன்னும் பத்துப் பேரைத் தூக்கிலிடுவோம் என்று சொல்லி ஓட்டுக் கேட்கவில்லை. ஆயுதத்தைக் கீழே வைப்போர்க்கு மன்னிப்பு என்று சொல்லிக் கேட்டது. மொத்தம் 52 இடங்களில் 51ஐ மக்கள் அதற்கே அளித்தனர். அவ்வாண்டு டிசம்பரில் பாலிங்கில் நடந்த பேச்சு முறிந்துபோயிற்று என்பது உண்மை. ஆயினும் துங்கு அதனால் வலுப்பெற்றே லண்டனுக்குப் போனார். 1957 ஆகஸ்டு 31இல் நாடு விடுதலையடைந்தது. தீயை அணைக்க முயன்றும் ஓட்டுப் பெறலாம் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டென்பதை நாம் மறக்கலாகாது.

ஆனால் விடுதலை பெற்ற சர்க்கார் வெள்ளைக்காரன் விட்டுப்போன பூட்டைத் தூர எறியவில்லை. அவசரகாலம் 1960 ஜூலை 31ஆம் நாள் முடிந்தது. மறுநாள், ஆகஸ்டு 1ஆம் நாள், உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. போலீசார் ஒருவரை 60 நாள் வைத்திருக்கலாம். அதன்பின் அமைச்சர் கையெழுத்திட்டால் இரண்டாண்டு வைத்திருக்கலாம். அந்த இரண்டாண்டைத் திரும்பத் திரும்ப நீட்டிக்கவும் செய்யலாம். நீதிமன்றத்தில் குற்றம் மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்பதில்லை. எஞ்சியிருந்த கம்யூனிஸ்டுக் கிளர்ச்சிக்காரரை நோக்கியே இச்சட்டம் என்று அப்போது சொல்லப்பட்டது. பாம்புக்கென்று வாங்கிய தடி பாம்பு போன பின்பும் வீட்டு மூலையிலேயே இருந்தால், ஒருநாள் அது பிள்ளைகளின் முதுகில் விழுந்தே தீரும்.

அது விழ நெடுங்காலம் ஆகவில்லை. 1963இல் இந்தோனேசியா மலேசியாவை எதிர்த்துப் போர்னியோ எல்லையில் தாக்குதல் தொடங்கிற்று. அவ்வாண்டு டிசம்பர் 29ஆம் நாள் சபாவின் கலபாக்கானில் 8 மலாய்ப் படைவீரர்கள் கொல்லப்பட்டார்கள். நான்கு மாதத்துக்குள், 1964 ஏப்ரலில், பொதுத் தேர்தல் நடந்தது. மக்கள் அடைந்த துயரும் கோபமும் மெய்யானவை. ஆனால் தேர்தல் மேடைகளில் அக்கோபம் எல்லைக்கு அப்பாலிருந்த பகைவன் மேல் மட்டும் திருப்பப்படவில்லை. எதிர்க்கட்சியாகிய சோஷலிஸ்டு முன்னணி பகைவனின் கையாள் என்று பேசப்பட்டது. அம்முன்னணியின் தலைவர்களுள் ஒருவரும், கோலாலம்பூர்ச் செத்தாப்பாக் தொகுதியின் உறுப்பினருமான அகமது பூஸ்தாமாம் 1963 பிப்ரவரியிலேயே விசாரணையின்றிச் சிறைப்பட்டிருந்தார். 1959இல் 74 இடங்கள் பெற்ற கூட்டணிக்கு 1964இல் 104இல் 89 கிடைத்தன. 8 இடங்கள் வைத்திருந்த முன்னணிக்கு 2 மிஞ்சின. பிரிக்பீல்ட்ஸை அடுத்த பங்சாரில் ஓட்டுகள் பிரிந்து, முன்னணியின் தொழிற்சங்கத் தலைவர் வி. டேவிட் தோற்க, அவ்விடம் மக்கள் செயல் கட்சியின் தேவன் நாயருக்குப் போயிற்று. முன்னணியின் தோல்விக்கு அச்சம் ஒன்றே காரணம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அபேட்சகனின் கொள்கையைப் பற்றிக் கேட்க வேண்டிய தேர்தலில், அவன் தேசத்துரோகியா என்ற ஒரே கேள்வி மிஞ்சிவிடுமானால், கூலியையும் வீட்டையும் பள்ளிக்கூடத்தையும் பற்றிக் கேட்க எவருக்கு நேரமுண்டு?

இனி நம் கண்முன் நடந்ததற்கு வருவோம். 2007 நவம்பர் 25ஆம் நாள், இண்ட்ராப் இயக்கத்தின் அழைப்பை ஏற்றுப் பல்லாயிரம் தமிழர்கள் கோலாலம்பூரில் கூடினார்கள். அன்று குண்டு வெடிக்கவில்லை. ஒரு துரையும் சுடப்படவில்லை. கண்ணீர்ப்புகையும் தண்ணீர்ப் பீரங்கியும் மக்கள் மேலேயே பாய்ந்தன. எனினும் சில நாளில், இவ்வியக்கம் பயங்கரவாதக் கூட்டத்தாரோடு தொடர்பு நாடுகிறது என்று போலீஸ் தலைமையினின்று குற்றச்சாட்டு எழுந்தது. இயக்கத்தார் அதை மறுத்தனர். டிசம்பர் 13ஆம் நாள் அவர்களுள் ஐவர், கம்யூனிஸ்டுக் கிளர்ச்சிக்கென்று பிறந்த அந்த 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியே கமுந்திங் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பயங்கரவாதக் குற்றத்துக்காக அவர்கள் மேல் எந்த நீதிமன்றத்திலும் வழக்கு நடக்கவில்லை.

தேர்தல் 2008 மார்ச் 8ஆம் நாள் வந்தது. இம்முறை அச்சம் விலைபோகவில்லை. சிறைப்பட்ட ஐவருள் ஒருவரான எம். மனோகரனைக் கிள்ளானின் கோத்தா ஆலம் ஷா தொகுதி மக்கள் சட்டசபைக்குத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் ஒரு மேடையிலும் ஏறவில்லை. ஒரு வீட்டுக் கதவையும் தட்டவில்லை. முகாமுக்குள் இருந்தபடியே வென்றார். சிலாங்கூர் ஆட்சி கைமாறிற்று. நாடாளுமன்றத்தின் 222 இடங்களில் ஆளுங்கட்சிக்கு 140 மட்டும் கிடைக்க, அதன் மூன்றில் இரண்டு பங்குப் பலம் போயிற்று. 1948இல் அவசரகாலம் எங்கே பிறந்ததோ அந்தச் சுங்கை சிப்புட்டில், பல்லாண்டு அசையாதிருந்த அமைச்சர் சாமிவேலுவும் தோற்றார். ஐவரும் 2009க்குள் வெளியே வந்தார்கள். அவர்களுள் இன்னொருவரான வீ. கணபதிராவ் 2022இல் கிள்ளானின் நாடாளுமன்ற உறுப்பினரானார்.

இதை வாசிக்கும் தோழர்கள் இங்கே கைதட்டி நின்றுவிடலாகாது. 1960ஆம் ஆண்டுச் சட்டம் 2012இல் நீக்கப்பட்டது. ஆனால் அதன் இடத்தில் சோஸ்மா என்னும் புதிய சட்டம் வந்து அமர்ந்தது. கொடுஞ்சட்டங்களைத் திருத்துவோம் என்று சொல்லி 2018இல் ஆட்சிக்கு வந்தவர்களின் காலத்திலேயே, 2019 அக்டோபரில், ஆளுங்கூட்டணியின் இரண்டு சட்டசபை உறுப்பினர் உட்பட 12 தமிழர்கள், முன்னமே போரில் அழிந்துபோன விடுதலைப் புலிகள் இயக்கத்தின் பேரால் அச்சட்டத்தின்படி சிறைப்பட்டார்கள். நான்கு மாதங்களுக்குப் பின், 2020 பிப்ரவரியில், வழக்குகள் கைவிடப்பட்டன. ஆகையால் இக்குற்றம் ஒரு கட்சிக்கே உரியது என்று நினைப்பது மடமை. தடி எவன் கைக்குப் போனாலும் தடியே.

அண்டை நாட்டையும் ஒருமுறை பாருங்கள். இலங்கையில் 2019 ஏப்ரல் 21ஆம் நாள், ஈஸ்டர் ஞாயிறன்று, தேவாலயங்களிலும் ஓட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 250க்கு மேற்பட்டோர் மாண்டனர். மட்டக்களப்பில் தமிழ்க் குழந்தைகளும் மாண்டனர். ஒரு வாரம் கழிவதற்குள் கோத்தபாய ராஜபக்ஷ தாம் ஜனாதிபதித் தேர்தலுக்கு நிற்பதாகவும், நாட்டைப் பாதுகாக்கத் தம்மால் முடியும் என்றும் அறிவித்தார், நவம்பரில் வென்றார். 2022 ஜூலையில், அரிசிக்கும் எண்ணெய்க்கும் வரிசையில் நின்று சலித்த மக்கள் மாளிகைக்குள் புகுந்தபோது, அந்தப் பாதுகாவலரே நாட்டைவிட்டு ஓடினார். அச்சத்தைக் கண்டு அளித்த ஓட்டு அடுப்பை மூட்டாது என்பதை அம்மக்கள் பெரும் விலை கொடுத்துக் கற்றார்கள்.

முடிவாக நாம் சொல்வது இது. நாளை எங்கேனும் குண்டு வெடிக்கலாம், உயிர்கள் போகலாம். மாண்டவர்க்காக அழுவோம், கொன்றவனைப் பிடித்து நீதிமன்றத்தில் நிறுத்தச் சொல்வோம். அதற்கு மேல் ஓர் அபேட்சகன் அந்தப் பிணங்களைக் காட்டி நம்மிடம் ஓட்டுக் கேட்டால், மூன்று கேள்விகளை அவன் முன் வைப்போம். நீ கேட்கும் அதிகாரம் எந்த நாளில் முடியும்? அதைக் கொண்டு நீ அடைக்கும் மனிதனை எந்த நீதிபதி விசாரிப்பார்? இக்கொலை நடக்குமுன்பே நீ யாரை ஒழிக்க எண்ணியிருந்தாய்?

இம்மூன்றுக்கும் நேரான விடை சொல்கிறவன் குடத்தோடு வந்தவன்; அவனுக்கு வழி விடுங்கள். விடை சொல்லாமல் நம்மையே துரோகி என்கிறவன் எதற்காக வந்தவன் என்பதைக் கிள்ளான் தொழிலாளிக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. 1941இல் சைக்கிளை விட்டு இறங்க மறுத்தவனின் பேரப்பிள்ளைகள், ஓட்டுச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அச்சத்தின் முன் இறங்கி நிற்கலாமா?