தமிழகச் சிற்றூர்களில் இளங்குழந்தை வளர்ச்சி

கருவில் தொடங்கி ஆறு வயது வரை குழந்தையின் உடல், மொழி, அறிவு, மனம் ஆகியவை அடையும் வளர்ச்சி இளங்குழந்தை வளர்ச்சி எனப்படும். கருக்காலமும் முதல் இரண்டு ஆண்டுகளும் சேர்ந்த ஆயிரம் நாள்களே இதன் அடித்தளம். இரண்டு வயதுக்குள் மூளை, வளர்ந்தோரின் மூளை அளவில் ஏறத்தாழ 80 சதவீதத்தை எட்டிவிடுகிறது.

உணவு: தாயின் இரத்தசோகை குழந்தையைக் கருவிலேயே பாதிக்கிறது. பிறந்தவுடன் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டு வைக்கும் ‘சேனை’ வழக்கம், சீம்பால் கிடைப்பதைத் தாமதப்படுத்துகிறது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும். அதன்பின் பருப்பு, கீரை, முட்டை சேர்த்து மசித்த உணவு தேவை. வெறும் ரசச்சோறு வயிற்றை நிரப்புமே தவிர, போதிய சத்தைத் தராது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, வயதுக்கேற்ற உயரமில்லாத ஐந்து வயதுக்குட்பட்டோர் இந்திய ஊரகங்களில் 37.3 சதவீதம், நகரங்களில் 30.1 சதவீதம், தமிழ்நாட்டில் 25 சதவீதம்.

நீரும் தூய்மையும்: அசுத்த நீரும் திறந்தவெளிக் கழிப்பும் வயிற்றுப்போக்கையும் குடற்புழுவையும் கொண்டுவருகின்றன. அடிக்கடி நோயுறும் குழந்தையின் உடலில் உண்ட உணவு ஒட்டுவதில்லை.

தாயின் நேரம்: நடவு, களையெடுப்புக் காலங்களில் தாய் விடியற்காலையிலேயே வயலுக்குப் போக, குழந்தை பாட்டியிடமோ அக்காவிடமோ வளர்கிறது. பாட்டியின் தாலாட்டும் கதையும் பேச்சை வளர்ப்பவை. ஆனால் சிறுமியான அக்காவின் மேல் இந்தப் பொறுப்பு விழுந்தால் அவள் படிப்பும் கெடுகிறது. நூறு நாள் வேலைத் திட்டத்துக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டம், பணியிடத்துக்குத் தாய்மாருடன் ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து குழந்தைகளாவது வந்தால், அவர்களைக் கவனிக்க ஒரு பெண்ணை அமர்த்த வேண்டும் என்றது.

திட்டங்கள்: ஊர்மக்கள் பால்வாடி என்றழைக்கும் அங்கன்வாடி, 1975 அக்டோபர் 2இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் மையம். எம்.ஜி.ஆர். அரசு 1982இல் தொடங்கிய சத்துணவுத் திட்டம் இரண்டு வயது நிறைந்த குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டது. அதற்கு முன்பே, 1980இல், மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டியில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியிருந்தது. அது 6 முதல் 36 மாதக் குழந்தைகளை மாதந்தோறும் எடை பார்த்து, எடை ஏறாதவர்களுக்குக் கூடுதல் உணவு தந்து, தாய்மாருக்கு வளர்ப்பு முறைகளையும் எடுத்துச் சொன்னது.

முதன்மைச் சவால்: மையத்துக்கு நடந்துவந்து அமர்ந்து உண்பது பெரும்பாலும் இரண்டரை, மூன்று வயதைத் தாண்டிய குழந்தையே. வளர்ச்சி தடைபடுவதோ அதற்கு முன்பு, வீட்டுத் தூளியில் கிடக்கும் பருவத்தில். ஆகவே செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் அந்த வீட்டு வாசலுக்கே செல்வது மையத்தில் உணவு பரிமாறுவதற்கு ஈடான பணியாகும்.