படுக்கையிலிருந்து நடைக்கு: முதுகெலும்புக் காசநோய் மருத்துவமும் சென்னை ஆய்வும்

ஆய்வுச் சுருக்கம்

முதுகுவலிக்கும் கூனுக்கும் காரணமாகும் முதுகெலும்புக் காசநோய்க்கு நெடுநாள் படுக்கை ஓய்வே முதன்மை மருத்துவமாக விளங்கியது. நோயாளி நடமாடிக்கொண்டே குணமடைய முடியும் என்பதை நிறுவியதில் சென்னையில் நிகழ்ந்த ஆய்வுகளுக்குப் பெரும்பங்கு உண்டு. அம்மாற்றத்தை உழைக்கும் உடலின் நோக்கிலிருந்து இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: முதுகெலும்புக் காசநோய், கூன், படுக்கை ஓய்வு, சென்னை ஆய்வு, மண்டகப்பட்டு.

முன்னுரை

செஞ்சிக்கு அருகிலுள்ள மண்டகப்பட்டு, பல்லவர் வரலாற்றைக் கற்போர் அனைவரும் அறிந்த ஊராகும். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகியன இன்றிப் பிரமன், ஈசன், திருமால் மூவருக்கும் விசித்திரசித்தன் இக்கோயிலை எடுப்பித்தான் என்று முதலாம் மகேந்திரவர்மனின் கிரந்த எழுத்துக் கல்வெட்டு கூறுகிறது. எவையெவை பயன்படவில்லை என்று இத்துணை நுணுக்கமாகப் பட்டியலிடும் அக்கல்வெட்டு, பயன்பட்ட முதுகுகளைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. பாறையைக் குடைந்தவர்களின் பெயரோ உடல்நிலையோ அதில் இல்லை. இது கல்வெட்டின் குறையன்று. அதன் நோக்கம் வேறு. எனினும், உழைப்பவரின் முதுகெலும்புக்கு வரலாறு எழுத முற்படுவோர் வேறு சான்றுகளைத் தேடவேண்டியுள்ளது. அத்தகைய சான்றுகள் இருபதாம் நூற்றாண்டின் மருத்துவ ஆய்வறிக்கைகளில் எதிர்பாராத அளவிற்குக் கிடைக்கின்றன.

கூன்: பெயரும் நோயும்

புறநானூற்றின் 28ஆம் பாடல் மக்கட்பிறப்பின் எண்வகைக் குறைபாடுகளுள் ஒன்றாகக் கூனைச் சுட்டுகிறது. அங்குக் கூன் பிறவிக்குறையாகக் கருதப்படுகிறதேயன்றி நோயின் விளைவாக அன்று. சித்த மருத்துவ மரபு முதுகு, இடுப்பு வலிகளைப் பெரும்பாலும் வாத நோய்களுள் அடக்கித் தைலம், ஒற்றடம், பற்று, கட்டு ஆகியவற்றால் மருத்துவம் செய்துவந்தது. தசைப்பிடிப்பால் வரும் வலிக்கு இவை ஆறுதல் தந்திருக்கக்கூடும். ஆயின் முள்ளெலும்பையே அரித்து இடியச் செய்யும் நோயைத் தனியே பிரித்தறிய நோய்நுண்மவியலும் ஊடுகதிர்ப் படமும் வரவேண்டியிருந்தது.

இலண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட், கூன் விழுதலையும் கால்கள் செயலிழத்தலையும் இணைத்து 1779இல் விளக்கினார். அவர் பெயராலேயே இந்நோய் மருத்துவ உலகில் அழைக்கப்படுகிறது. காசநோய்க் கிருமியை இராபர்ட் காக் 1882இல் கண்டறிந்தார். காரணம் தெரிந்த பின்னரும் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் மருந்து இல்லை. அந்த இடைவெளியை நிரப்பியது படுக்கை.

படுக்கை என்னும் மருந்து

நோயுற்ற முள்ளெலும்பின்மேல் உடலின் எடை அழுந்தினால் அது மேலும் நொறுங்கும்; ஆகவே எடையை நீக்கவேண்டும். படுக்கை ஓய்வுக்குப் பின்னிருந்த இவ்வாதம் எளியது, ஏற்கத்தக்கதும்கூட. நோயாளிகள் மாவுக்கட்டுப் படுக்கைகளில் மாதக்கணக்கிலும் சிலபோது ஆண்டுக்கணக்கிலும் கிடத்தப்பட்டனர். தூய காற்றும் வெயிலும் ஊட்டமான உணவும் தரும் காசநோய் மருத்துவ இல்லங்கள் தோன்றின. மருத்துவர் சௌரிமுத்து 1928இல் தாம்பரத்தில் நிறுவிய இல்லம் அவ்வகையினது.

இம்மருத்துவத்தின் விலையை மருத்துவ நூல்கள் மட்டும் கொண்டு கணக்கிட இயலாது. மண்டகப்பட்டு போன்ற மானாவாரி நிலப்பகுதியில் நாட்கூலியால் வாழும் ஒருவர் ஆறு மாதம் படுத்திருப்பது என்பது அறுவடைக் கூலியை இழப்பதும், கடன்படுவதும், உடனிருந்து பார்ப்பதற்காக வீட்டில் மற்றொருவரின் கூலியையும் இழப்பதுமாகும். மருத்துவமனைப் படுக்கைகளோ நோயாளிகளின் எண்ணிக்கைக்கு முன் மிகச் சில. எனவே படுக்கை ஓய்வு பெரும்பாலோர்க்குப் பரிந்துரையாக இருந்ததேயன்றி மருத்துவமாக இருந்ததில்லை எனலாம்.

சென்னையில் எழுந்த வினா

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக நலவாழ்வு நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவற்றின் கூட்டு முயற்சியால் 1956இல் சென்னையில் காசநோய் மருந்தியல் மையம் தோன்றியது. அதன் முதல் ஆய்வு நுரையீரல் காசநோயைப் பற்றியது. 193 நோயாளிகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டு, ஒரு பகுதியினர் வீட்டிலும் மற்றவர் மருத்துவ இல்லத்திலும் ஓராண்டு ஒரே மருந்துகளைப் பெற்றனர். வீட்டிலிருந்தோர் குறைவாகவே உண்டனர், மிகுதியாக உழைத்தனர், நெருக்கடியான குடியிருப்புகளில் வாழ்ந்தனர். ஆயினும் 1959இல் வெளியான முடிவுகளில் இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒத்த அளவில் குணமடைந்திருந்தனர். உலகெங்கும் மருத்துவ இல்லங்கள் மூடப்படுவதற்கு வழிவகுத்த ஆய்வு இது.

நுரையீரலுக்குப் பொருந்துவது முதுகெலும்புக்கும் பொருந்துமா? எடை தாங்கும் எலும்பைப் பொறுத்தவரை ஐயம் நியாயமானதே. இதற்கிடையில் ஹாங்காங்கில் ஹாட்ஜ்சனும் ஸ்டாக்கும் நோயுற்ற பகுதியை முன்புறமாக அணுகி முற்றும் நீக்கி எலும்பு ஒட்டுவைக்கும் அறுவையை 1956இல் வெளியிட்டிருந்தனர். ஒருபுறம் படுக்கை, மறுபுறம் கத்தி என்ற நிலையில், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் குழு பல நாடுகளில் ஒப்பாய்வுகளைத் தொடங்கியது. கொரியாவின் மாசான் நகரில் ஆறு மாதப் படுக்கை ஓய்வும் தொடக்கம் முதலே நடமாடிப் பெறும் மருத்துவமும் ஒப்பிடப்பட்டன. புசான் நகரில் மாவுக்கட்டுச் சட்டை அணிந்தோரும் அணியாதோரும் ஒப்பிடப்பட்டனர். மருந்தை ஒழுங்காக உட்கொண்டோரிடம் படுக்கையோ மாவுக்கட்டோ கூடுதல் பயன் எதையும் தரவில்லை. ஹாங்காங்கில் முழு அறுவை பெற்றோர்க்கு எலும்பு விரைவில் இணைந்தது. கூனும் குறைவாக இருந்தது. இதையும் மறைக்காமல் பதிவு செய்தல் வேண்டும்.

1970களின் நடுப்பகுதியில் தொடங்கிய சென்னை ஆய்வு, ரிஃபாம்பிசின் என்ற புதிய மருந்தின் துணையுடன் இவ்வினாவைக் கூர்மையாக்கியது. மூன்று பிரிவுகள் அமைக்கப்பட்டன: முழு அறுவையுடன் ஆறு மாத மருந்து, நடமாடியபடி ஆறு மாத மருந்து, நடமாடியபடி ஒன்பது மாத மருந்து. மருந்துகள் ஐசோநியாசிடும் ரிஃபாம்பிசினும் ஆகும். 1999இல் வெளியான பத்தாண்டு அறிக்கையின்படி இம்மூன்று பிரிவுகளிலும் நன்னிலை எய்தியோர் முறையே 90, 94, 99 விழுக்காட்டினர். பத்தாண்டுக் காலம் நோயாளிகளைப் பின்தொடர்ந்தமை அக்காலத் தொலைத்தொடர்பு நிலையை எண்ணும்போது வியப்பிற்குரியது.

எஞ்சிய கூன்

இவ்வெண்களைக் கொண்டு அறுவை தேவையற்றது என்று முடிவு கட்டுவது தவறாகும். நடக்க இயலாத அளவிற்குத் தண்டுவடம் பாதிக்கப்பட்டோர் இவ்வாய்வில் சேர்க்கப்படவில்லை. மேலும் கிருமி அழிந்தபின்னும் கூன் நிற்கும், சிலரிடம் வளரும். சென்னை எலும்பு மருத்துவர் டி. கே. சண்முகசுந்தரமும் எஸ். இராஜசேகரனும் 1987இல் வெளியிட்ட கட்டுரை, தொடக்கத்தில் முள்ளெலும்பு எவ்வளவு இழக்கப்பட்டுள்ளது என்பதைக் கொண்டு இறுதிக் கூனின் கோணத்தை முன்கணிக்க முடியும் எனக் காட்டியது. குழந்தைகளின் நிலை இன்னும் சிக்கலானது. நோய் ஆறியபின் வளர்ச்சிப் பருவத்தில் சிலர்க்குக் கூன் தானே குறைகிறது, சிலர்க்கு முற்றுகிறது. முற்றக்கூடியவரை அடையாளங்காணும் நான்கு ஊடுகதிர் அறிகுறிகளை இராஜசேகரன் 2001இல் விளக்கினார். ஆக, யாருக்கு அறுவை என்ற வினாவிற்கு விடை தந்ததும் அறுவையின்றி மருத்துவம் பெற்றோரின் நெடுநாள் பதிவுகளே.

காசநோய் அல்லாத பொதுவான முதுகுவலியிலும் படுக்கை தன் இடத்தை இழந்தது. ஹெல்சிங்கி நகராட்சிப் பணியாளரிடையே நடத்தப்பட்டு 1995இல் வெளியான ஆய்வில், படுத்திருந்தோரைவிட இயன்றவரை வழக்கமான வேலைகளைத் தொடர்ந்தோர் விரைவில் தேறினர். இரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது. அங்கு இயக்கமே மருத்துவம். இங்கு மருந்தே மருத்துவம், இயக்கம் அதற்குத் தடையன்று. காய்ச்சல், எடை இழப்பு, இரவில் மிகும் வலி ஆகியவற்றுடன் வாரக்கணக்கில் நீடிக்கும் முதுகுவலியை ‘நடந்தால் சரியாகும்’ என்று விடுவது கூனுக்கும் கால் செயலிழப்புக்கும் இட்டுச்செல்லக்கூடும்.

நன்னிலை என்பதன் வரையறை

சென்னை ஆய்வறிக்கையில் சமூக வரலாற்றாய்வாளர் ஊன்றி நோக்கவேண்டியது விழுக்காட்டை அன்று, ‘நன்னிலை’ என்பதற்குத் தரப்பட்ட வரையறையை. சீழ்க்கட்டி இல்லாமை, நரம்புப் பாதிப்பு இல்லாமை, ஊடுகதிர்ப் படத்தில் நோய் அடங்கியிருத்தல் ஆகியவற்றோடு, முதுகெலும்பு நோயால் உடலுழைப்பு கட்டுப்படாதிருத்தலும் அதில் ஓர் உறுப்பாகும். எலும்பின் படம் தெளிந்தும் வேலை செய்ய இயலாதவர் குணமடைந்தவராகக் கணக்கிடப்படவில்லை. அவ்வுழைப்பு எத்தகையது, நாற்று நடவா, சுமை தூக்கலா, கல்லுடைப்பா என்பதைப் பட்டியல்கள் பிரித்துக் காட்டுவதில்லை.