பாண்டுங்கில் பறந்த விமானம்



மத்ரஸாவில் வரலாற்றுப் பாடம் நடத்தும்போது, அப்பாஸியர் காலத்து வானாய்வுக் கூடங்களையும் மருத்துவமனைகளையும் பற்றிச் சொல்லி முடித்தவுடன் மாணவர்கள் வழக்கமாக ஒரு கேள்வி கேட்பார்கள்: "ஹஜ்ரத், இன்றைக்கு நம்மவர்களிடம் ஏன் அப்படி ஒன்றும் இல்லை?" கேள்வியிலேயே ஒரு பிழை இருக்கிறது. ஒன்றும் இல்லை என்பது உண்மையன்று. முஸ்லிம்கள் பெருந்தொகையாக வாழும் இந்தோனேசியா, தன் பொறியாளர்களைக் கொண்டே பயணிகள் விமானம் ஒன்றை வடிவமைத்து, உருவாக்கி, வானில் பறக்கவும் விட்டது. அந்த விமானம் கட்டணம் செலுத்திய ஒரு பயணியைக்கூட ஏற்றிச் செல்லாமல் போனது ஏன் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

1995 ஆகஸ்ட் 10. நாட்டு விடுதலையின் ஐம்பதாம் ஆண்டு நிறைவுக்கு இன்னும் ஒரு வாரம். ஜாவாத் தீவின் பாண்டுங் நகரத்து ஓடுதளத்திலிருந்து என்-250 என்னும் விமானம் எழுந்தது. ஏறத்தாழ ஐம்பது பேர் அமரக்கூடியது. விமானியின் கட்டளைகளைக் கம்பிக் கயிறுகளுக்குப் பதிலாக மின்குறிகளால் இறக்கைகளுக்குக் கொண்டு செல்லும் நுட்பம் உடையது. அந்த வகை விமானங்களில் அன்று அது புதுமை. அதிபர் சுகார்த்தோ அதற்குச் சூட்டிய பெயர் கடோத்கஜன். ஆம், மகாபாரதத்துக் கடோத்கஜனேதான். ஜாவா முஸ்லிம்களின் நிழற்கூத்தில் இன்றும் வானில் பறக்கும் வீரன் அவன்.

விமானத்தின் பின்னால் நின்றவர் பஹாருத்தீன் யூசுஃப் ஹபீபி. 1936இல் சுலவேசித் தீவின் பாரெபாரே என்ற சிற்றூரில் பிறந்தவர். இளம் வயதிலேயே தந்தையை இழந்தார். 1955இல் ஜெர்மனிக்குச் சென்று ஆஹன் நகரில் விமானப் பொறியியல் பயின்று, 1965இல் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் அங்கேயே ஒரு பெரும் விமான நிறுவனத்தில் துணைத்தலைவர் பதவி வரை உயர்ந்தார். 1974இல் சுகார்த்தோ அழைத்தார். எல்லாவற்றையும் விட்டுத் தாயகம் திரும்பினார். 1978 முதல் இருபது ஆண்டுகள் அவரே ஆராய்ச்சி, தொழில்நுட்பத் துறை அமைச்சர்.

அவர் கேட்டது பேராசை என்று அன்று பொருளியல் அறிஞர் பலர் சொன்னார்கள். அரிசியே போதாத நாட்டுக்கு விமானம் எதற்கு என்றார்கள். ஆனால் 17,000க்கும் மேற்பட்ட தீவுகளாகச் சிதறிக் கிடக்கும் நாட்டுக்கு விமானம் ஆடம்பரமா? பேருந்தைப் போன்ற தேவைதான் அது. 1976இல் பாலாபா என்னும் செயற்கைக்கோளை ஏவச் செய்து, தீவுகளைத் தொலைபேசியாலும் தொலைக்காட்சியாலும் இணைத்த நாடு அது. உள்நாட்டுத் தொடர்புக்கென்று சொந்தச் செயற்கைக்கோள் வைத்திருந்த நாடுகளை அன்று விரல்விட்டு எண்ணிவிடலாம். சுகார்த்தோவின் ஆட்சியில் பல்லாயிரம் தொடக்கப் பள்ளிகள் எழுந்தன. 1980களின் நடுவில் அரிசியில் தன்னிறைவும் கிடைத்தது. இவற்றை மறைத்து எழுதுவது நீதியாகாது.

கணக்கு மட்டும் யாரிடமும் கேட்கப்படவில்லை.

ஹபீபி முதலில் பணியேற்ற இடமே அதற்குச் சாட்சி. அவரைச் சேர்த்துக்கொண்டது பெர்டாமினா என்னும் அரசு எண்ணெய் நிறுவனம். அதன் தலைவர் இப்னு சுதோவோ என்ற படைத்தளபதி. நிறுவனத்தின் போக்கு சரியில்லை என்று 1970இலேயே அதிபர் அமைத்த விசாரணைக் குழு எச்சரித்திருந்தது. எச்சரிக்கை காகிதத்தில் உறங்கியது. 1975இல் பெர்டாமினாவால் கடன் தவணையைக் கட்ட இயலவில்லை. தோண்டிப் பார்த்தால் 1,000 கோடி டாலருக்கும் மேல் கடன். எண்ணெய் விலை நான்கு மடங்கு ஏறியிருந்த காலம் அது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். சுதோவோ பதவி இழந்தார், நீதிமன்றத்தில் நிறுத்தப்படவில்லை. அடுத்து வந்தவர்கள் அதிலிருந்து பாடம் கற்றார்கள், தவறான பாடத்தை.

பின்னர் அதிபரின் பிள்ளைகள் வளர்ந்தார்கள். ஒரு மகனுக்குக் கிராம்பு வாணிபத்தின் ஏகபோகம் கிடைத்தது. அதே மகனுக்கு 1996இல் 'தேசிய கார்' தயாரிக்கும் உரிமையும் வரிவிலக்கும் கிடைத்தன. தேசிய கார் என்ற பெயரில் கப்பலில் வந்து இறங்கியவையோ முழுதாகக் கொரியாவில் செய்யப்பட்ட வண்டிகள்! இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள ஜகாத் வசூலிப்பவரின் நிகழ்ச்சி. வசூலித்துத் திரும்பிய அவர், ஒரு பகுதி உங்களுக்கு உரியது, மறு பகுதி எனக்கு அன்பளிப்பாக வந்தது என்று பிரித்து வைத்தார். பெருமானார் (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறி, அவர் தம் பெற்றோர் வீட்டில் அமர்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்ற கருத்தில் வினவினார்கள். அதிபர் மாளிகையில் பிறக்காதிருந்தால் அந்த மகனைத் தேடிக் கிராம்பு வந்திருக்குமா?

ஹபீபியின் தொழிற்சாலையும் இந்த நிழலுக்கு வெளியே இருக்கவில்லை. அவர் தம் பைக்குள் பணத்தைப் போட்டுக்கொண்டார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் விமானத்துக்கான பணம் வந்த வழி நேரானதன்று. 1994இல், வெட்டப்பட்ட காடுகளை மீண்டும் வளர்ப்பதற்கென்று மர நிறுவனங்களிடம் வசூலித்த நிதியிலிருந்து 40,000 கோடி ரூபியாவை அதிபரின் ஆணை ஒன்று விமானத் தொழிற்சாலைக்குக் கடனாகத் திருப்பியது. மரத்துக்குரிய பணம் இறக்கையானது. சுற்றுச்சூழல் அமைப்புகள் நீதிமன்றம் சென்றும் பயனில்லை. வக்ஃபு செய்தவர் எந்த நோக்கத்திற்குக் கொடுத்தாரோ அந்த நோக்கத்திற்கே செலவிட வேண்டும் என்ற ஃபிக்ஹுச் சட்டத்தைப் படித்தவர்களுக்கு இதன் கோணல் உடனே புரியும்.

பழைய கிழக்கு ஜெர்மனியின் 39 போர்க்கப்பல்களை வாங்கவும் ஹபீபி ஏற்பாடு செய்தார். செலவு குறித்து நிதியமைச்சருடன் கருத்து வேறுபாடு எழுந்தது. டெம்போ என்னும் வார இதழ் அதை எழுதியது. 1994 ஜூனில் டெம்போவும் வேறு இரண்டு இதழ்களும் மூடப்பட்டன. கேட்பவர் வாயை அடைத்தாயிற்று. விமானமும் அடுத்த ஆண்டு பறந்தது. அன்று எல்லாம் வெற்றி போலவே தோன்றியிருக்கும்.

1997இன் நடுவில் தாய்லாந்தில் தொடங்கிய நாணய நெருக்கடி ஜகார்த்தாவை அடைந்தது. ஒரு டாலருக்கு ஏறத்தாழ 2,400 ஆக இருந்த ரூபியா, அடுத்த ஜனவரியில் 10,000ஐத் தாண்டி விழுந்தது. அண்டை நாடுகளும் அடிபட்டன. எதுவும் இந்த அளவுக்கு உடையவில்லை. ஏனெனில் இங்கே வங்கிகளின் கணக்கை எவரும் நம்பவில்லை. நவம்பரில் 16 வங்கிகள் மூடப்பட்டபோது, அதிபரின் இன்னொரு மகனுக்குப் பங்கிருந்த வங்கியும் அவற்றுள் ஒன்று. அவரோ வேறொரு வங்கியை வாங்கி அதே தொழிலைத் தொடர்ந்தார். சாதாரண மக்கள் தம் சேமிப்பை எடுக்க ஓடியதில் வியப்பென்ன?

1998 ஜனவரி 15 அன்று சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனைகளில் சுகார்த்தோ கையெழுத்திட்டார். கிராம்பு ஏகபோகத்தை ஒழிக்க வேண்டும், தேசிய காரின் சலுகையை நீக்க வேண்டும், விமானத் தொழிற்சாலைக்கு அரசுப் பணம் தருவதை நிறுத்த வேண்டும். ஒரே பட்டியல்! இருபது ஆண்டு உழைத்துக் கற்ற கல்வியும் மகனுக்குக் கிடைத்த சலுகையும் ஒரே வரிசையில் நின்றன. வெளியார் அநீதி செய்தார்கள் என்று இன்றும் இந்தோனேசியர் பலர் வருந்துகிறார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் இரண்டுக்கும் பணம் ஒரே கையிலிருந்து, ஒரே விதமான ஆணையால், தணிக்கையின்றிப் பாய்ந்தபோது, இது நல்லது, அது கெட்டது என்று பிரித்துக் காட்ட எந்தக் கணக்கேடு இருந்தது?

மே மாதம் மாணவர்கள் சுடப்பட்டனர், ஜகார்த்தா எரிந்தது, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 21ஆம் நாள் சுகார்த்தோ விலகினார். துணை அதிபராகி இரண்டு மாதமே ஆகியிருந்த ஹபீபி அதிபரானார். பழைய எசமானரின் வளர்ப்பு என்றே எல்லோரும் அவரை எண்ணினர்.

அவர் செய்ததோ வேறு. அரசியல் கைதிகள் விடுவிக்கப்பட்டனர். பத்திரிகைகளின் கழுத்தை நெரித்த உரிமக் கட்டுப்பாடு தளர்ந்தது; அவரைப் பற்றி எழுதியதால் மூடப்பட்ட டெம்போ, அவரது ஆட்சியிலேயே 1998 அக்டோபரில் மீண்டும் வெளிவந்தது. மத்திய வங்கி அரசின் பிடியிலிருந்து சட்டப்படி விடுபட்டது. ஊழலுக்கெதிரான சட்டங்கள் 1999இல் இயற்றப்பட்டன. அவ்வாண்டு ஜூன் 7 அன்று 48 கட்சிகள் போட்டியிட்ட சுதந்திரமான தேர்தல் நடந்தது. அப்படி ஒரு தேர்தலை அந்நாடு 1955க்குப் பின் கண்டதில்லை.

திறந்த கதவு முதலில் அவரையே வெளியேற்றியது. பாலி வங்கியின் பணம் ஆளுங்கட்சியினருக்குத் தொடர்புடைய நிறுவனத்துக்குப் போன செய்தி, இப்போது விடுதலை பெற்றிருந்த பத்திரிகைகளில் வந்தது. சுகார்த்தோ மீதான விசாரணையை அவரது அரசு கைவிட்டது. என் பார்வையில் அவரது பெருந்தவறு அதுவே. அக்டோபரில் மக்கள் மன்றம் அவரது பொறுப்புரையை 355க்கு 322 என்ற வாக்கில் நிராகரித்தது. படையை அழைக்கவில்லை, போட்டியிலிருந்து விலகிப் பதவியை ஒப்படைத்துச் சென்றார். மொத்தம் 17 மாதங்கள்.

அவர் காலத்துச் சட்டங்களின் தொடர்ச்சியாக 2003இல் ஊழல் ஒழிப்பு ஆணையம் தோன்றி, அமைச்சர்களையும் ஆளுநர்களையும் சிறைக்கு அனுப்பியது. ஹபீபி 2019 செப்டம்பர் 11 அன்று வஃபாத்தானார். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். ஆறு நாள் கழித்து, செப்டம்பர் 17 அன்று, அந்த ஆணையத்தின் அதிகாரத்தைக் குறைக்கும் சட்டத்திருத்தத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. மாணவர்கள் மீண்டும் தெருவுக்கு வந்தனர்.

பாண்டுங் கொட்டகையில் நின்றுகொண்டிருந்த கடோத்கஜன் 2020இல் யோக்யகர்த்தா நகரின் விமானப்படை அருங்காட்சியகத்துக்குக் கொண்டு செல்லப்பட்டது. இறக்கைகளைக் கழற்றி, லாரியில் ஏற்றி, சாலை வழியாகத்தான்.