டர்ட்டி டான்ஸிங்: "வெறும் டான்ஸ் படம்தான்க்கா!"

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் அக்காகிட்ட இருந்து போன்.

"தம்பி, பாப்பா ஏதோ பழைய இங்கிலீஷ் டான்ஸ் படம் பார்க்கணும்ங்கறா. டர்ட்டி டான்ஸிங்காம். பேரே ஒரு மாதிரி இருக்கேடா, இவ பார்க்கலாமா?"

பாப்பா என்றால் பிளஸ் ஒன் படிக்கிற பாப்பா. நான் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "பேருதான்க்கா அப்படி. வெறும் டான்ஸ் படம்தான். நீயும் சேர்ந்து உட்கார்ந்து பாரு" என்று பெரிய விமர்சகர் மாதிரி சொல்லிட்டு மதியத் தூக்கத்துக்குப் போயிட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து மறுபடி போன். "ஏன்டா, என்ன படம்டா சொன்ன நீ?"

தூக்கம் போச்சு.

விஷயம் இதுதான். நான் அந்தப் படத்தைப் பார்த்தது காலேஜ் படிக்கும்போது, வாடகை வீடியோ கேசட்டில். என் நினைவில் இருந்தது ரெண்டே ரெண்டு காட்சி. பேட்ரிக் ஸ்வேஸி கதாநாயகியை ஏரித் தண்ணிக்குள் நின்று தலைக்கு மேல் தூக்குவது. கடைசியில் மேடைக்குக் கீழே மறுபடி தூக்குவது. நடுவில் ஒரு கருக்கலைப்பு நடக்கிறது, ஒரு பெண் சாகப் பிழைக்கக் கிடக்கிறாள், கதை முழுக்க அதைச் சுத்தித்தான் ஓடுகிறது என்பது எனக்குச் சுத்தமா மறந்தே போயிருந்தது. மறந்ததா, அந்த வயசில் கவனிக்கவே இல்லையா என்று யோசித்தால் ரெண்டாவதுதான் உண்மை. கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

அன்று ராத்திரி படத்தை முழுசா மறுபடி பார்த்தேன். அதோட நிற்காமல், அது நடக்கிற காலத்தையும் இடத்தையும் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இடம். நியூயார்க் நகரத்துக்கு வடக்கே கேட்ஸ்கில் என்று ஒரு மலைப்பகுதி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பல ஓட்டல்கள் யூதர்களை உள்ளேயே விடாது. அதனால் அவர்கள் தங்களுக்கென்று விடுதிகள் கட்டிக்கொண்டார்கள். பண்ணை வீட்டில் வாடகைக்கு அறை விட ஆரம்பித்ததுதான் பிறகு நீச்சல் குளம், கோல்ஃப் மைதானம், நாடக அரங்கு என்று பெரிய ஓட்டல்களாக வளர்ந்தது. கிராஸிங்கர்ஸ், கான்கார்ட் எல்லாம் அந்தக் காலத்தில் பெரிய பெயர்கள். கோடை வந்தால் குடும்பம் குடும்பமாக வந்து வாரக்கணக்கில் தங்குவார்கள். மூணு வேளைச் சாப்பாடு, பகலில் டான்ஸ் வகுப்பு, ராத்திரி ஆர்க்கெஸ்ட்ரா.

படத்தின் கதையை எழுதிய எலினார் பெர்க்ஸ்டீன் 1938-ல் புரூக்ளினில் பிறந்தவர். அப்பா டாக்டர். கோடைக்கு இந்த கேட்ஸ்கில் விடுதிகளுக்குக் குடும்பத்தோடு போனவர். வீட்டில் அவர் செல்லப்பேரே 'பேபி'தான். டான்ஸ் போட்டிகளில் ஆடியிருக்கிறார், டான்ஸ் சொல்லிக் கொடுத்தும் இருக்கிறார். படத்துக் கதாநாயகி பேபிக்கும் அப்பா டாக்டர்தான். ஆக, பாதி சொந்தக் கதை.

அங்கே ஆடிய மாம்போவுக்கும் ஒரு கதை இருக்கு. அது கியூபாவில் இருந்து வந்த ஆட்டம். 1940-களின் கடைசியிலும் 50-களிலும் நியூயார்க்கின் பல்லேடியம் அரங்கில் போர்ட்டோ ரிக்கோக்காரர்கள், கறுப்பின மக்கள், யூதர்கள், இத்தாலியர்கள் எல்லாரும் ஒரே தளத்தில் ஆடியிருக்கிறார்கள். மற்ற இடங்களில் இனம் பார்த்து ஆளைப் பிரித்து வைத்திருந்த காலம் அது. அந்த மோகம் அப்படியே மலையேறி கேட்ஸ்கில் ஓட்டல்களுக்கும் வந்தது. விருந்தாளிகளுக்கு மாம்போ கற்றுக்கொடுக்க ஓட்டலே ஆள் வைத்தது. படத்தில் வரும் ஜானியும் பென்னியும் அந்த வேலையில் இருப்பவர்கள்.

இப்போ காலம். படம் நடப்பது 1963 கோடையில். அந்த ஆகஸ்ட் 28-ல்தான் வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் பேசிய பேரணி. நவம்பரில் கென்னடி சுடப்பட்டார். அடுத்த பிப்ரவரியில் பீட்டில்ஸ் அமெரிக்காவில் வந்து இறங்கினார்கள். எல்லாம் மாறப் போகிறது, ஆனால் அங்கே இருப்பவர்களுக்கு அது தெரியாது. அந்த இடைவெளியில் கதையை வைத்திருக்கிறார் பெர்க்ஸ்டீன்.

அந்த விடுதியில் ஒரு எழுதாத சட்டம். சாப்பாடு பரிமாறுகிற பையன்கள் பெரிய காலேஜ்களில் படிப்பவர்கள், அவர்கள் விருந்தாளி வீட்டுப் பெண்களோடு பேசலாம், பழகலாம். முதலாளியே அதை விரும்புகிறார். டான்ஸ் ஆடுகிறவர்கள் உழைக்கிற வர்க்கத்துப் பிள்ளைகள், அவர்கள் சொல்லிக்கொடுத்துவிட்டு ஒதுங்கிப் போயிடணும். நம்ம ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம் :-)

ராபி என்று ஒரு பரிமாறுகிற பையன். மருத்துவம் படிக்கப் போகிறவன். டான்ஸ் ஆடுகிற பென்னி கர்ப்பமானதற்கு அவன்தான் காரணம். பேபி போய்க் கேட்டால், சில மனுஷங்கதான் முக்கியம், மத்தவங்க கணக்கிலேயே இல்லை என்கிற மாதிரி பேசி அயன் ராண்ட் நாவல் ஒன்றைக் கையில் கொடுக்கிறான். பயல்!

பேபி தன் அப்பாகிட்ட காரணம் சொல்லாமல் 250 டாலர் வாங்கிக் கொடுக்கிறாள். இன்றைய மதிப்பில் கிட்டத்தட்ட 2500 டாலர். ஊர் ஊராகச் சுற்றும் ஒரு ஆள், டாக்டர் என்று சொல்லிக்கொள்பவன், வியாழக்கிழமை மட்டும் பக்கத்து ஊருக்கு வருவான். அன்று ராத்திரி வேறொரு ஓட்டலில் பென்னி ஆட வேண்டிய நிகழ்ச்சி இருக்கு. அவளுக்குப் பதிலாக ஆடத்தான் பேபி மாம்போ கற்றுக்கொள்கிறாள். நான் 'டான்ஸ் காட்சி' என்று ரசித்த அத்தனையும், அந்த ஏரித் தண்ணி உட்பட, ஒரு பெண் ரகசியமாகக் கருக்கலைப்புக்குப் போவதற்காக நடக்கிற ஒத்திகைதான். இது எனக்கு இருபத்துச் சொச்சம் வருஷம் கழித்துதான் உறைக்கிறது.

ஆடிவிட்டுத் திரும்பினால் பென்னி வலியில் துடித்துக்கொண்டு கிடக்கிறாள். வந்தவன் டாக்டரே இல்லை. பேபி ராத்திரியோடு ராத்திரியாக அப்பாவை எழுப்பிக் கூட்டி வருகிறாள். அவர் பென்னியைக் காப்பாற்றுகிறார்.

அக்கா எனக்கு ரெண்டாவது தடவை போன் பண்ணினது இந்த இடத்தில்தான்.

பெர்க்ஸ்டீன் இந்தக் கதையைத் தூக்கிக்கொண்டு ஸ்டூடியோ ஸ்டூடியோவாக அலைந்திருக்கிறார். கடைசியில் வீடியோ கேசட் விற்றுக்கொண்டிருந்த வெஸ்ட்ரான் கம்பெனி சின்ன பட்ஜெட்டில் எடுக்க முன்வந்தது. இயக்குநர் எமில் அர்டோலினோவுக்கு இதுதான் முதல் முழுநீளக் கதைப் படம், அதற்கு முன் டான்ஸ் ஆவணப்படத்துக்கு ஆஸ்கர் வாங்கியவர். நடனம் கென்னி ஓர்டேகா. பாப்பா சின்ன வயசில் திரும்பத் திரும்பப் பார்த்த 'ஹை ஸ்கூல் மியூசிக்கல்' (2006) படத்தை இயக்கினாரே, அவரேதான். 1986 இலையுதிர் காலத்தில் வர்ஜீனியாவிலும் வட கரோலினாவிலும் படப்பிடிப்பு. கோடை மாதிரி தெரிய வேண்டும் என்று பழுத்த இலைகளுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். ஏரித் தண்ணி அவ்வளவு குளிர், உதடு நீலமாகிவிட்டதால் அந்தக் காட்சியில் முகத்துக்குக் கிட்டே கேமராவே போகவில்லையாம். கிராஸிங்கர்ஸ் ஓட்டல் மூடப்பட்டதும் அதே 1986-ல்தான். அந்த உலகம் நிஜத்தில் முடிந்த வருஷத்தில் அதைப் படத்துக்காகத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள்.

படம் தயாரானதும் சேர்ந்து விளம்பரம் செய்ய ஒரு முகப்பரு கிரீம் கம்பெனி வந்தது. கருக்கலைப்பு இருப்பது தெரிந்ததும், அதை எடுத்துடுங்க என்றது. பெர்க்ஸ்டீன் மறுத்துவிட்டார். அதை எடுத்தால் பேபி டான்ஸ் கற்றுக்கொள்ளக் காரணமே இல்லை, காதல் இல்லை, அப்பாவோடு சண்டை இல்லை. கத்தரி போட முடியாதபடி வேண்டுமென்றேதான் அவர் அப்படிப் பின்னி வைத்திருந்தார். கம்பெனி விலகிக்கொண்டது. 1987 ஆகஸ்டில் வெளிவந்த படம் உலகம் முழுக்க 20 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. வீடியோவில் பத்து லட்சம் பிரதி விற்ற முதல் படம் இது. 1988-ல் பாட்டுக்கு ஆஸ்கர். 2024-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது.

அப்போதே பலர் அவரைக் கேட்டிருக்கிறார்கள்: 1973-லேயே ரோ எதிர் வேட் தீர்ப்பு வந்து கருக்கலைப்பு சட்டப்படி ஆகிவிட்டதே, இந்தப் பழங்கதை எதுக்கு? எப்போதும் அந்தத் தீர்ப்பு இருக்கும் என்று நம்ப முடியாது என்பதுதான் அவர் பதில். 2022 ஜூன் 24-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. பத்துக்கும் மேற்பட்ட மாநிலங்களில் கிட்டத்தட்ட முழுத் தடை வந்தது. பழைய படம் எப்படிப் புதுப்படம் ஆகிறது பாருங்கள்.

சரி, அக்கா வீட்டுக்கு வருவோம். அடுத்த நாள் நேரிலேயே போனேன், திட்டு வாங்க. அக்கா காபி கொடுத்துவிட்டுத்தான் திட்டினாள். பாப்பா நடுவில் புகுந்தாள்.

"மாமா, அந்தப் பொண்ணு ஏன் ஆஸ்பத்திரிக்கே போகல?"

இதுக்குத்தான் மேலே எழுதின அத்தனையும் தேவைப்பட்டது. 1963-ல் நியூயார்க் மாநிலத்தில் தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டும்தான் சட்டம் அனுமதித்தது, மற்றபடி செய்தால் குற்றம், அதனால்தான் அந்த ஆள், அந்த ரகசியம் என்று சொன்னேன். படத்தில் 'கருக்கலைப்பு' என்ற வார்த்தையே வராது. வார்த்தையையே வாயில் எடுக்க முடியாத காலம்.

"அப்போ நம்ம ஊர்ல?"

இங்கே 1971-லேயே சட்டம் வந்துவிட்டது, அமெரிக்கத் தீர்ப்புக்கு ரெண்டு வருஷம் முன்னாடி. 2022 செப்டம்பர் 29-ல் நம்ம உச்ச நீதிமன்றம், கல்யாணம் ஆகாத பெண்களுக்கும் அதே 24 வாரக் கெடு உண்டு என்று தீர்ப்பு சொன்னது. அவர்கள் மூடிய அதே வருஷத்தில் நாம் திறந்திருக்கிறோம். ஆனால் சட்டம் இருப்பது வேறு, ஒரு பெண் பயமில்லாமல் போய்க் கேட்க முடிவது வேறு. இதைச் சொன்னது நான் இல்லை, அக்கா. அதுவரை சும்மா கேட்டுக்கொண்டிருந்தவள் அதை மெதுவாகச் சொன்னாள். பாப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

குறையே இல்லாத படம் என்று சொல்ல மாட்டேன். பேபிக்கு பதினேழு வயசு, ஜானி இருபதுகளின் நடுவில். நடித்தவர்களுக்கு 26-ம் 34-ம் என்பதால் பார்க்கும்போது அது உறைக்காது. பாப்பா கவனித்துவிட்டாள். "மாமா, இது கொஞ்சம் தப்பு இல்ல?" என்றாள். 1987-ல் அவ்வளவா யாரும் கேட்காத கேள்வி. சரியான கேள்வி. அதே மாதிரி மாம்போவைக் கொண்டு வந்த மக்கள் படத்தில் வாத்தியம் வாசிக்கிறார்கள், பின்னால் ஆடுகிறார்கள், கதை அவர்களுடையது இல்லை. இதையும் சொல்லித்தான் காட்டணும்.

ஆனால் ஒரு காட்சிக்காகவே வீட்டில் பெரியவர்கள் சேர்ந்து உட்காரலாம். பென்னியின் நிலைக்கு ஜானிதான் காரணம் என்று அப்பா தப்பாக நினைத்திருக்கிறார். ராபிக்குப் படிப்புக்கு உதவியாகக் காசோலை கொடுக்கப் போகிற நேரத்தில் அவன் வாயாலேயே உண்மை தெரிகிறது. உறையைப் பிடுங்கிக்கொள்கிறார். பிறகு எல்லார் முன்னாடியும் ஆடி முடித்த ஜானிகிட்ட போய், நான் நினைத்தது தப்பு என்று ஒப்புக்கொள்கிறார். நம்ம வீடுகளில் எத்தனை அப்பாக்கள் இதைச் செய்து நான் பார்த்திருக்கேன்? விரல் விட்டு எண்ணிடலாம்.

அக்காவுக்கு நான் சொன்ன பதிலைத் திருத்திக்கொண்டேன். "வெறும் டான்ஸ் படம் இல்லக்கா. ஆனா பிளஸ் ஒன் பொண்ணு பார்க்கலாம். தனியா விட்டுட்டுப் போகாம, பக்கத்துல இருந்து, கேட்டா பதில் சொல்லணும். அவ்வளவுதான்."

"அதை முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?" என்றாள் அக்கா.

சொல்லியிருக்கலாம்தான். அப்ப எனக்கே தெரியாதே.

டிஸ்கி: அந்த ஏரி டான்ஸை மொட்டை மாடியில் தம்பியோடு செய்து பார்க்கப் போவதாக பாப்பா மிரட்டியிருக்கிறாள். அதற்கும் நான்தான் பொறுப்பாம்.