தொழிலாளியை இயக்குவது யாது?
ஹோதோர்ன் ஆய்வுகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மனிதன் ஏன் உழைக்கிறான் என்னும் வினா மிகப் பழைமையானது. எனினும் அவ்வினா தொழிற்சாலைக்குள் நுழைந்து, அளந்து விடை காணப்பட வேண்டிய ஒன்றாக மாறியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆகும். முகாமைத்துவப் பாடநூல்கள் டெயிலர், மேயோ, மாஸ்லோ, ஹேர்ஸ்பேர்க் ஆகியோரின் கோட்பாடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த படிகளைப் போல எடுத்துரைக்கின்றன. பணமே மனிதனை இயக்குகிறது என்ற குறுகிய நோக்கிலிருந்து, அவனது உள்ளத்தை உணர்ந்த பரந்த நோக்கிற்கு அறிவு வளர்ந்து சென்றது என்பதே அவ்வரிசையின் உட்பொருள். இக்கோட்பாடுகள் பிறந்த சூழலை ஆராயும்போது, விடைகள் மாறிய அளவிற்கு வினாவை எழுப்பியோர் மாறவில்லை என்பது புலனாகும்.

ஐக்கிய அமெரிக்காவின் பெத்லகேம் உருக்குத் தொழிற்சாலையில் 1899ஆம் ஆண்டில் பிரெடெரிக் டெயிலர் மேற்கொண்ட முயற்சி இவ்வரலாற்றின் தொடக்கமாகக் கொள்ளத்தக்கது. அங்கு ஒரு தொழிலாளி, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 92 இறாத்தல் நிறையுடைய இரும்புப் பாளங்களைச் சுமந்து புகையிரதப் பெட்டியில் ஏற்றுவான். நாளொன்றுக்கு 12½ தொன் என்றிருந்த இவ்வேலையை 47 தொன்னாக உயர்த்தியதாகவும், அதற்கீடாகக் கூலியை 1.15 டொலரிலிருந்து 1.85 டொலராகக் கூட்டியதாகவும் டெயிலர் 1911இல் வெளியிட்ட தமது நூலிற் கூறுகிறார். வேலை ஏறத்தாழ நான்கு மடங்காகியது. கூலியோ இரு மடங்கைக்கூட எட்டவில்லை. அதே 1911ஆம் ஆண்டில் வாட்டர்டவுன் அரசாங்கப் படைக்கலச் சாலையின் வார்ப்புத் தொழிலாளர், தம் வேலையை நிறுத்தற் கடிகாரங் கொண்டு அளப்பதை எதிர்த்து வெளிநடப்புச் செய்தனர். அமெரிக்கக் காங்கிரஸ் விசாரணைக் குழுவொன்றை அமைத்தது. பின்னர் அரசாங்கப் படைக்கலச் சாலைகளில் இம்முறைக்குத் தடையும் விதிக்கப்பட்டது. பணத்தால் மட்டும் மனிதனை இயக்கிவிடலாம் என்ற கொள்கைக்கு முதல் மறுப்பை அளித்தவர்கள் உளவியலாளர் அல்லர். தொழிலாளரே என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

அடுத்த கட்டம் சிக்காகோ நகரை அடுத்த ஹோதோர்ன் தொழிற்சாலையில் நிகழ்ந்தது. தொலைபேசிக் கருவிகளை உற்பத்தி செய்த வெஸ்டேர்ன் இலெக்ரிக் கம்பனிக்கு உரிய இத்தொழிற்சாலையில் 1920களின் இறுதியில் ஏறத்தாழ 40,000 பேர் பணிபுரிந்தனர். ஒளியின் அளவைக் கூட்டினால் உற்பத்தி கூடுமா என்பதை அறிய 1924இல் இங்கு ஆய்வு தொடங்கியது. ஒளிக்கும் உற்பத்திக்கும் தெளிவான தொடர்பு எதனையும் ஆய்வாளராற் காணமுடியவில்லை.

1927இல் ஐந்து பெண்கள் தனியறையொன்றில் அமர்த்தப்பட்டனர். தொலைபேசிக்குரிய சிறு மின் உறுப்பொன்றைப் பொருத்துவது அவர்களின் வேலை. ஓய்வு இடைவேளைகள் அளிக்கப்பட்டன, வேலை நேரம் குறைக்கப்பட்டது, சிற்றுண்டி வழங்கப்பட்டது. பின்னர் இச்சலுகைகள் நீக்கப்பட்ட காலத்திலும் உற்பத்தி உயர்ந்தே நின்றது. மொத்தத்தில் ஏறத்தாழ 30 வீத உயர்வு காணப்பட்டது. ஹார்வார்ட் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த அவுஸ்திரேலியர் எல்டன் மேயோ 1928 முதல் இவ்வாய்வுகளோடு தொடர்புற்றார். கூலியும் ஓய்வுமன்று, அப்பெண்களிடையே வளர்ந்த குழு உணர்வும் அவர்கள்பால் காட்டப்பட்ட அக்கறையுமே உயர்வுக்குக் காரணம் என்ற விளக்கம் அவரது எழுத்துக்களால் உலகெங்கும் பரவியது.

இவ்விளக்கத்தில் இடம்பெறாது ஒதுங்கிய செய்திகள் சில உள. முதலாவது, அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்ற காரணங் காட்டி ஐவரில் இருவர் 1928 ஜனவரியில் அறையிலிருந்து அகற்றப்பட்டு, அவர்களிடத்தில் வேறிருவர் அமர்த்தப்பட்டனர். அதன்பின் உற்பத்தி உயர்ந்தது. இரண்டாவது, கூலிமுறையும் மாற்றப்பட்டிருந்தது. முன்னர் ஏறத்தாழ நூறு பேரின் உற்பத்தியைக் கொண்டு கணிக்கப்பட்ட ஊதியம், ஆய்வறையில் ஐவரின் உற்பத்தியைக் கொண்டே கணிக்கப்பட்டது. கூலிமுறையை மட்டும் இவ்வாறு மாற்றிய வேறொரு குழுவிலும் உற்பத்தி ஏறத்தாழ 12 வீதம் உயர்ந்தது; பழைய முறைக்கு மீண்டதும் வீழ்ந்தது. மூன்றாவது, 1929இல் உலகப் பொருளாதார மந்தம் தொடங்கியது. வேலையிழக்கும் அச்சம் எங்கும் பரவியது. அலெக்ஸ் கேரி 1967இலும், பிராங்கே, கவுல் ஆகியோர் 1978இலும் இத்தரவுகளை மீளாய்ந்து, கட்டுப்பாடு, மந்தம், ஓய்வு, கூலி ஆகியவற்றின் பங்கைச் சுட்டிக்காட்டினர். ஒளி பற்றிய ஆய்வின் தரவுகளை 2011இல் மீளாய்ந்தோரும் அதனைப் பற்றி வழங்கிய வியத்தகு கதைகளுக்குப் போதிய ஆதாரமில்லை என்றே கண்டனர்.

1931–32 காலத்தில் நிகழ்ந்த மற்றோர் ஆய்வு இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. மின்கம்பிகளை இணைக்கும் ஆண்கள் 14 பேர் ஓர் அறையில் அவதானிக்கப்பட்டனர். முகாமை எதிர்பார்த்த அளவிற்குக் குறைந்த ஓர் அளவை ஒருநாள் வேலையெனத் தாமே வகுத்துக்கொண்டு, அதற்கு மேற்பட அவர்கள் உழைக்கவில்லை. விரைந்து உழைப்பவனின் மேற்கையில் குத்தி அவனைத் தடுத்தனர். மிகுதியாக உற்பத்தி செய்தால் கூலிவீதம் குறைக்கப்படும், அல்லது சிலர் வேலையிழப்பர் என்பதே அவர்கள் கூறிய காரணம். ஆய்வாளரோ இதனைப் பொருளாதார நியாயமுடையதாக ஏற்காது, குழுவின் மனவுணர்ச்சியின் வெளிப்பாடாகவே விளக்கினர். ஆனால் 1932 மே மாதத்தில் அவ்வறை மூடப்பட்டது. செய்வதற்கு வேலை இல்லாமற் போனதே அதற்குக் காரணம். தொழிலாளரின் அச்சம் வெறும் மனப்பிரமையன்று என்பதை நிகழ்ச்சிகளே மெய்ப்பித்தன.

இதே தொழிற்சாலையில் 1928 முதல் 21,000க்கு மேற்பட்ட ஊழியர்கள் பேட்டி காணப்பட்டனர். 1936இல் ஊழியரின் மனக்குறைகளைக் கேட்பதற்கெனத் தனி ஆலோசகர்கள் நியமிக்கப்பட்டனர். அவர்கள் பொறுமையோடு கேட்கலாம். குறையைத் தீர்க்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நீடித்த இவ்வேற்பாடு, அக்கறைக்கும் உரிமைக்கும் இடையிலான வேறுபாட்டைத் தெளிவாக்குகிறது. பேசவிட்டால் மனச்சுமை குறையும் என்பது உண்மையே. ஆனால் சுமை குறைந்ததனால் கூலியோ வேலைப் பாதுகாப்போ கூடிவிடுவதில்லை.

பின்வந்த கோட்பாடுகளும் இவ்வெல்லையை முற்றாகத் தாண்டவில்லை. ஆபிரகாம் மாஸ்லோ 1943இல் மனிதத் தேவைகளை உடலியல் தேவை, பாதுகாப்பு, அன்பு, மதிப்பு, தன்னிறைவாக்கம் என ஐந்தாக வகுத்தார். பாடநூல்களில் இன்று காணப்படும் முக்கோண வடிவம் அவர் அக்கட்டுரையில் வரைந்ததன்று. முகாமைத்துவ எழுத்தாளர் பின்னர் அமைத்ததாகும். ஹேர்ஸ்பேர்க்கும் அவர்தம் துணைவரும் 1959இல் வெளியிட்ட நூல், சாதனையும் அங்கீகாரமும் வேலையின் இயல்புமே உண்மையான ஊக்கிகள் என்றது. அம்முடிவு பிட்ஸ்பேர்க் பகுதிப் பொறியியலாளரும் கணக்காளருமான ஏறத்தாழ 200 பேரிடம் பெற்ற விடைகளிலிருந்து பிறந்தது. கூலி போதிய அளவு பெற்றோரின் உள்ளத்தை, கூலிக்காக வருந்துவோரின் உள்ளமாகவும் கொள்வது பொருந்துமா என்பது எண்ணத்தக்கது.

இதனால் இக்கோட்பாடுகள் பயனற்றவை எனக் கூறுதல் தகாது. தொழிலாளி இயந்திரத்தின் உறுப்பல்லன், நட்பும் மதிப்பும் நாடும் மனிதன் என்பதை முகாமையாளரின் மொழியிற் கூறவைத்தமை இவற்றின் பேறாகும். ஆயினும் ‘அவனை இயக்குவது எப்படி’ என்ற வினாவும் ‘அவனுக்கு வேண்டியது யாது’ என்ற வினாவும் ஒன்றல்ல. முன்னையதன் விடையை ஆய்வாளன் தேடவேண்டும்; பின்னையதன் விடையைத் தொழிலாளியே அறிவான். வாட்டர்டவுன் வார்ப்பாளரும் ஹோதோர்ன் கம்பி இணைப்பாளரும் அவ்விடையைத் தம் செயலாற் கூறினர். அவர்களுடைய நியாயத்தையும் ஒரு கோட்பாடாக மதித்துக் கற்கும்போதே தொழில் உளவியலின் வரலாறு நிறைவுபெறும்.