வாழையின் முடிக்கொத்து நோய் கண்டறியப்பட்ட வரலாறு

உண்ணும் வாழை விதையால் பெருகுவதில்லை; தாய்க்கட்டையிலிருந்து பெயர்த்தெடுக்கப்படும் பக்கக்கன்றுகளே அடுத்த தலைமுறையாக நடப்படுகின்றன. தாயின் சுவையும் பருமனும் சற்றும் மாறாமல் கன்றுக்கு வருவது இம்முறையின் ஆதாயம் என்றாலும், தாயிடம் மறைந்திருக்கும் நோயும் அதே கட்டையில் ஏறிப் புதிய தோட்டத்துக்குப் போய்விடுகிறது. இலைகள் வரவரக் குட்டையாகவும் குறுகலாகவும் விறைத்தும் வெளிவந்து, உச்சியில் ஒரே கொத்தாக நெருங்கி நிற்பதால் முடிக்கொத்து நோய் என அழைக்கப்படும் கேட்டின் வரலாறு, பெரும்பாலும் கன்றுகள் கைமாறிய வரலாறே ஆகும்.

1889இல் பிஜித் தீவுகளில் இந்நோய் முதன்முதலாகப் பதிவு செய்யப்பட்டது. அங்கிருந்து 1913ஆம் ஆண்டளவில் கொண்டுவரப்பட்ட கன்றுகளோடு அது ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ், குவீன்ஸ்லாந்து எல்லைப்புறத்தில் கால்வைத்தது. பின்னர் முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்கள் பலர் அப்பகுதியில் வாழை பயிரிட்டு வாழ முற்பட்டனர். 1922க்கும் 1925க்கும் இடையில், நோய் கண்ட வட்டாரங்களின் விளைச்சலில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு அழிந்தது. மண்ணின் சத்துக்குறைவு, வடிகாலின்மை, வேரைத் தாக்கும் நூற்புழு, பூஞ்சை என அந்நாளில் ஐயுறப்பட்ட காரணங்கள் பலவாக இருந்ததில் வியப்பில்லை. குட்டையான இலையும் வெளிறிய ஓரமும் இவற்றுள் எதனாலும் தோன்றக்கூடியவை.

1924இல் அமைக்கப்பட்ட ஆய்வுக்குழுவில் பணியாற்றிய சி. ஜே. பி. மேகி என்னும் இளம் ஆய்வாளர், 1927இல் வெளியிட்ட அறிக்கையில் இக்குழப்பத்தைத் தீர்த்தார். நோய் நச்சுயிரியால் உண்டாவது என்றும், குருத்தின் அடியிலும் இலையுறைகளின் இடுக்கிலும் கூட்டமாகத் தங்கிச் சாறு உறிஞ்சும் வாழை அசுவினி அதனை மரத்துக்கு மரம் பரப்புகிறது என்றும், தொலைவிடங்களுக்கு அதனைக் கொண்டுசெல்பவை நோயுற்ற கன்றுகளே என்றும் அவர் நிறுவினார். நோயை ஐயத்துக்கிடமின்றி அறிவதற்குரிய அடையாளமும் தெளிவாயிற்று. இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து அடிப்புறமாக நோக்கினால், சிறு நரம்புகளின் வழியே கரும்பச்சைப் புள்ளிகளும் கோடுகளும் தந்திக் குறியீடுபோல் விட்டுவிட்டுத் தெரியும். அவை நடுநரம்பைத் தொடுமிடத்தில் கொக்கிபோல் வளைந்திருக்கும். இலைக்காம்பில் படிந்துள்ள வெண்ணிற மெழுகுப்பூச்சை விரலால் துடைத்தால் அங்கும் அதே கோடுகள் காணப்படும். உணவைக் கடத்தும் திசுவான புளோயத்தை நச்சுயிரி சிதைக்கும்போது, அதனைச் சூழ்ந்த செல்களில் பச்சையம் மிகையாகத் திரள்வதே இக்கோடுகளுக்குக் காரணம். சத்துக்குறைவால் இலை எவ்வளவு வெளிறினாலும் இக்கோடுகள் தோன்றுவதில்லை.

இதன்பின் தோட்டங்களைப் பதிவு செய்வதும், அனுமதி பெற்ற கன்றுகளை மட்டும் நடுவதும், நோயுற்ற மரத்தின் குருத்தில் மண்ணெண்ணெய் ஊற்றி அசுவினியைக் கொன்றபின் கட்டையோடு தோண்டி அழிப்பதும் சட்டப்படி கட்டாயமாக்கப்பட, அங்கு வாழைத்தொழில் மீண்டெழுந்தது. நச்சுயிரித் துகள் பிரித்தெடுக்கப்பட்டதோ 1990களின் தொடக்கத்தில்தான். இந்த வெற்றியில் நுண்ணோக்கியை விடக் கண்ணுக்கும், அதைவிட அண்டைத் தோட்டக்காரனையும் கட்டுப்படுத்தவல்ல சட்டத்துக்கும் பங்கு மிகுதி எனலாம்.

தமிழகத்தின் அனுபவம் வேறு. இலங்கையில் 1913லேயே அறியப்பட்டிருந்த இந்நோய் 1940 அளவில் கேரளத்தில் தென்பட்டு, பின்னர் பழனிமலையின் கீழ்ச்சரிவுகளையும் சிறுமலையையும் எட்டியது. அங்குக் காப்பிச் செடிகளுக்கு இடையே நிழலாகவும் வருவாயாகவும் வளர்க்கப்பட்ட விருப்பாட்சி, சிறுமலை என்னும் மலைவாழைகள், ஆண்டுதோறும் புதிதாக நடப்படாமல் ஒரே குத்தில் பல ஆண்டுகள் மறுதாம்பாக விடப்பட்டவை. ஆதலால் ஒரு குத்தில் புகுந்த நச்சுயிரி அடுத்தடுத்த கன்றுகளில் தங்கி, அசுவினிக்கு ஓயாத ஊற்றாயிற்று. 1970களில் ஏறக்குறைய 18,000 ஹெக்டேராக இருந்த மலைவாழைப் பரப்பு, பிற்பாடு 2,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கியது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு மரபாக விரும்பப்பட்ட பழமே அரிதானது. இளமையில் தாக்குண்ட மரம் குலை தள்ளுவதில்லை என்பதால் அது எளிதில் அகப்பட்டுவிடும். குலை தள்ளும் தறுவாயில் தாக்குண்ட மரமோ இலையில் எக்குறியும் காட்டாமல் நல்ல தாரை ஈன்று, கன்றுகளில் மட்டும் நோயை விட்டுச்செல்வதுண்டு. நல்ல தார் ஈன்ற மரத்தின் கன்றையே தேடி வாங்கும் உழவரின் வழக்கம் இவ்விடத்தில் அவருக்கே பகையானது.

திருச்சிராப்பள்ளியில் 1993இல் நிறுவப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையம், தாய்மரத்தை நச்சுயிரிச் சோதனைக்கு உட்படுத்தியபின் திசு வளர்ப்பில் கன்றுகளைப் பெருக்கும் முறையைக் கையாண்டு, மலைவாழையை மீட்கும் முயற்சியில் ஈடுபட்டது. 2008இல் இவ்விரு மலைவாழைகளுக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆய்வகக் கன்று நோயற்றதே அன்றி நோயெதிர்ப்பு உடையதன்று. பழைய குத்துகள் அருகிலேயே விடப்பட்டிருந்தால், சிறகுடைய அசுவினிகள் சில மாதங்களில் அதற்கும் நோயைத் தொற்றவைத்துவிடுகின்றன.